இதயத்தைப் பார்த்தாயா?

"இந்தப் பக்கம் திரும்புங்கக்கா. இன்னும் கொஞ்சம். சரியான பிடிவாதக்காரன் உள்ள இருக்கான், முதுகைக் காட்டிப் படுத்துட்டு அசைய மாட்டேங்குறான்!"

செமிசி ஸ்கேன் கருவியை லெசியெலியின் வயிற்றில் அழுத்தி நகர்த்தினான். அவள் சிரித்தபடி ஒருக்களித்தாள். அவளுக்கு ஐந்தாம் மாதம். நியூசிலாந்தின் தெற்கு ஆக்லாந்தில், மாங்கெரே கடைத்தெருவில், வறுத்த கோழிக் கடைக்கு அடுத்த கட்டடம்தான் அந்த ஸ்கேன் நிலையம். வாசல் அறையில் நாற்காலிகள் நிறைந்து, ஒரு பெண் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

வரவேற்பில் இருந்த பெண் கதவைத் திறந்து தலையை நீட்டினாள். "செமிசி, இன்னும் எவ்வளவு நேரம்? வெளிய எல்லாரும் முறைக்குறாங்க."

"நான் என்ன பண்றது? இந்த வயித்துல குழந்தையைத் தேடிக் கண்டுபிடிக்கவே பாதி நாள் போயிடும் போல."

வரவேற்புப் பெண் சிரித்தாள். லெசியெலியும் சிரித்தாள். அவள் பருமனானவள். டோங்கா நாட்டுப் பெண்கள் பலரைப் போல உடம்பைப் பற்றிய கேலியைச் சிரித்தே கடந்துவிடப் பழகியவள். அதோடு சொன்னவன் செமிசி. ரத்த உறவாக இருந்திருந்தால் அக்கா தம்பி முறைக்கு அவள் வயிற்றை அவன் தொட்டிருக்கவே மாட்டான், டோங்கர்களிடம் அந்த மரியாதை கடுமையானது. இவன் அவள் போகும் தேவாலயச் சபை வழி உறவுதான். ஆனால் சபைக்கே செல்லப்பிள்ளை. அவன் பட்டம் வாங்கிய நாளில் முழுப் பன்றி சுட்டு விருந்து வைத்திருந்தார்கள். அவன் புகைப்படம் சபைக்கூடத்துச் சுவரில் தொங்குகிறது. அதனாலேயே மாங்கெரேயின் டோங்கப் பெண்கள் வயிற்றில் குழந்தை தங்கியதும் நேராக இந்த நிலையத்துக்குத்தான் வருவார்கள்.

"தம்பி, அவன் இதயம் நல்லா இருக்கா?" என்று லெசியெலி கேட்டாள்.

திரையில் ஒரு சிறு புள்ளி விட்டுவிட்டு மின்னியது. செமிசி அதைக் காட்டினான். "இதோ, துடிக்குது பாருங்க. எல்லாம் நல்லாருக்கு."

துடிப்பது வேறு, சரியாக அமைந்திருப்பது வேறு. அது செமிசிக்குத் தெரியும். நான்கு அறைகளைப் பார்க்க வேண்டும். இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய ரத்தக்குழாய்கள் ஒன்றையொன்று குறுக்கே தாண்டிப் போகின்றனவா என்று பார்க்க வேண்டும். குழந்தை முதுகைக் காட்டிக்கொண்டிருந்தால் தாயைச் சற்று நடந்துவிட்டு வரச் சொல்லிப் பார்க்க வேண்டும். அப்படியும் தெரியாவிட்டால் இன்னொரு நாள் வரச் சொல்ல வேண்டும், அல்லது பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். இதெல்லாம் அவன் படித்துத் தேறிய பாடம்.

ஆனால் நிலையத்தின் முதலாளி வாரனுக்கு யாரையும் திரும்ப வரச் சொல்வது பிடிக்காது. "ஒரே வேலையை ரெண்டு தடவை செய்யறவன் எனக்கு வேண்டாம்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார். அதனால் செமிசி, பார்க்காத இதயத்தை நல்லாருக்கு என்று சொன்னான். சொல்லிவிட்டு, குழந்தையின் முகம் லேசாகத் தெரிந்த ஒரு நொடியைப் பிடித்து, தங்க நிற அட்டைக்குள் அந்தப் படத்தை வைத்துக் கொடுத்தான். லெசியெலி அதற்கு முத்தம் கொடுத்தாள்.

"அவங்க அப்பா மூக்கு!" என்றாள்.

"மூக்கு பெருசாதான் இருக்கு" என்றான் செமிசி. அடுத்தவளைக் கூப்பிட்டார்கள்.

எல்லாம் நல்லாருக்கு என்று சொல்லிவிட்டதால், வீட்டுக்கு அருகிலிருந்த சிறிய பிரசவ இல்லத்திலேயே குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை. வீறிட்டு அழுதான். தனியேலா என்று பெயர் வைத்தார்கள். பஸ் ஓட்டும் அவன் அப்பா பெனிசிமானி, சீருடையைக் கூட மாற்றாமல் ஓடிவந்து மகனைத் தூக்கிக்கொண்டு அறை முழுக்கச் சுற்றினான். அன்று மாலையே வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். போனார்கள்.

மறுநாள் காலை தனியேலா பால் குடிக்கவில்லை. மார்பில் வாயை வைத்துவிட்டு அப்படியே சோர்ந்து விழுந்தான். தூக்கம் என்று நினைத்தார்கள். ஜன்னல் திரையை விலக்கியபோதுதான் லெசியெலி அவன் உதடுகளைப் பார்த்தாள். கருநீலமாக இருந்தன. நகங்களும் அப்படியே.

"பெனி! காரை எடு! எடுடா காரை!"

பெரிய மருத்துவமனையில் குழந்தையை அவள் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஓடினார்கள். மருந்து ஏற்றினார்கள். இதயத்துக்குள் மெல்லிய குழாயை விட்டு, அடைபட்டுக்கொண்டிருந்த வழியைத் திறக்கப் பார்த்தார்கள். அன்று பிற்பகல் தனியேலா தாயின் மடியில் இறந்தான்.

குழந்தைகளின் இதய மருத்துவர் ரங்கி என்ற மாவோரி இனப் பெண்மணி. அவர் அவர்களோடு தரையிலேயே உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் மணிக்கட்டில் குறுக்காக வைத்துக் காட்டினார்.

"இதயத்துலேர்ந்து ரெண்டு பெரிய குழாய் கிளம்பும்மா. ஒண்ணு நுரையீரலுக்குப் போறது, ஒண்ணு உடம்புக்குப் போறது. ரெண்டும் இப்படிக் குறுக்கத் தாண்டிப் போகணும். உங்க பையனுக்கு இப்படி இருந்தது." கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் நேராக வைத்தார். "இடம் மாறிப் போச்சு. நுரையீரல்லேர்ந்து வர்ற நல்ல ரத்தம் நுரையீரலுக்கே திரும்பப் போகும். உடம்புலேர்ந்து வர்ற கெட்ட ரத்தம் உடம்பையே சுத்தி வரும். வயித்துக்குள்ள இருக்கும்போது அம்மாவோட மூச்சுதான் அவனுக்கும். ஒண்ணும் தெரியாது. வெளிய வந்ததும் உள்ள இருக்குற சின்ன வழிங்க மூட ஆரம்பிக்கும். மூடினா போச்சு."

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா?" என்று கேட்டாள் லெசியெலி.

மருத்துவர் பெனிசிமானியைப் பார்த்தார். பெனிசிமானி தலையைக் குனிந்துகொண்டான்.

"கேக்குறேன்ல. முன்னாடியே தெரிஞ்சிருந்தா?"

"இங்க பிறந்திருப்பான். பிறந்த உடனே மருந்து ஏத்தி அந்த வழியைத் திறந்தே வெச்சிருப்போம். கொஞ்ச நாள்ல ஆபரேஷன் பண்ணி குழாய்களை இடம் மாத்தி வெச்சிருப்போம். அந்தக் குழந்தைங்கள்ல ரொம்பப் பேர் பிழைச்சிடுறாங்க. ஸ்கூலுக்குப் போறாங்க, ரக்பி ஆடுறாங்க." நிறுத்தினார். "நல்லாப் பாத்தும் சில நேரம் தப்பிப் போகும்மா. நான் இல்லன்னு சொல்லல. ஆனா ஸ்கேன்ல இதயத்தைப் பாத்தாங்களா?"

"பாத்தேன்னு சொன்னான்" என்றாள் லெசியெலி. பிறகு தனக்குள் எதையோ தேடுவது போல இருந்துவிட்டு, "இல்ல. துடிக்குதுன்னு சொன்னான். நான்தான் பாத்தான்னு நினைச்சேன்" என்றாள்.

சபையார் எல்லோரும் டோங்கர்களின் துக்க வழக்கப்படி கறுப்பு உடுத்தி, இடுப்பில் முரட்டுப் பாய் கட்டிக்கொண்டு அடக்கத்துக்கு வந்தார்கள். பாடினார்கள். டோங்கர்கள் பாடினால் கூரை அதிரும். அன்று அந்தப் பாட்டு லெசியெலிக்கு இரைச்சலாகத் தெரிந்தது. சிறிய பெட்டியின் அருகில் அவள் கல்லாக உட்கார்ந்திருந்தாள். செமிசியும் வந்திருந்தான், கடைசி வரிசையில்.

போதகர் எழுந்து, இது கர்த்தருடைய சித்தம், நாம் கேள்வி கேட்கலாகாது என்றார்.

லெசியெலி எழுந்து நின்றாள்.

"போதகரே, கர்த்தர் கையில ஸ்கேன் மெஷின் இல்ல. அவர் தலையில இதைக் கட்டாதீங்க."

யாரோ ஒரு பெண் அவள் தோளைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தாள். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். கடைசி வரிசையைப் பார்த்தாள். செமிசி அங்கே இல்லை. எழுந்து போய்விட்டிருந்தான்.

அந்த வாரமே சபை மூப்பர் விலிசோனி அவர்கள் வீட்டுக்கு வந்தார். கூடை நிறையச் சேப்பங்கிழங்கும் டப்பா மாட்டிறைச்சியும் கொண்டுவந்தார். துக்கம் விசாரித்தார். ஜெபித்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"அம்மா, உன் வலி எனக்குப் புரியுது. ஆனா நீ புகார் கொடுக்கப் போறதா கேள்விப்பட்டேன். கொஞ்சம் யோசிம்மா. நம்ம ஜனத்துல எத்தனை பேர் முன்னுக்கு வந்திருக்காங்க? தொழிற்சாலையும் கிடங்குமா கிடந்த கூட்டம் நாம. ஒருத்தன் வெள்ளைக் கோட்டு போட்டிருக்கான். அவனை நாமளே இழுத்துக் கீழ போட்டா, பலாங்கி என்ன சொல்லுவான்? டோங்கனுக்கு அந்த வேலைக்குத் தகுதி இல்லம்பான்."

பலாங்கி என்றால் வெள்ளைக்காரன். அவன் என்ன சொல்வானோ என்ற பயம் அந்தத் தெருவில் பல வாய்களை மூடிவைத்திருந்தது.

"என் பையன் டோங்கன் இல்லையா?" என்று கேட்டாள் லெசியெலி.

விலிசோனி கூடையை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் அதைத் தொடவில்லை.

"செமிசி நம்ம ஆளு. சரி. தனியேலா யாரு? ஒரு நாள் வாழ்ந்தவனுக்கு ஜனம் கிடையாதா? செமிசி பேருக்கு ஊரே காவல் நிக்குது. என் பையனுக்காக ஒருத்தர் வாயைத் திறந்தீங்களா? கூடையை எடுத்துட்டுப் போங்க."

"லெசியெலி!" என்று அதட்டினான் பெனிசிமானி. மூப்பரிடம் அப்படி யாரும் பேசுவதில்லை. மூப்பர் போன பிறகு அவன் அவளிடம் சொன்னான்: "விட்டுடு. போனவன் வரப் போறதில்ல. நமக்கு இந்தச் சபையை விட்டா யார் இருக்கா?"

"உனக்குக் கோபமே வரலையா பெனி?"

"வந்தா யாரைக் கொல்றது?" என்று கத்தினான் அவன். அன்றுதான் அவன் முதல்முறையாக வாய்விட்டு அழுதான். அவள் அவன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஆனால் விடவில்லை.

அவள் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் வேலை பார்ப்பவள். ஒரு நாள் வேலை முடிந்ததும், தலையில் வலைத்தொப்பியோடு நேராக ஸ்கேன் நிலையத்துக்குப் போனாள். பெனிசிமானியும் பின்னாலேயே வந்தான். அவள் கூப்பிடவில்லை. அவனாகவே வந்தான்.

முதலாளி வாரன் அவர்களை உள்ளறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். முகத்தில் துக்கத்தைச் சரியான அளவில் வைத்திருந்தார்.

"ரொம்ப வருத்தமா இருக்கு. ஸ்கேன்ல எல்லாத்தையும் பிடிக்க முடியாதும்மா, அது உங்களுக்கே தெரியும். அதுவும் தாய் கொஞ்சம் கனமா இருந்தா படம் தெளிவா வராது. அது எங்க தப்பில்ல பாருங்க." மேசை இழுப்பறையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். "அடுத்த தடவை குழந்தை உண்டானா இங்க வாங்க. முகம் தெரியுற படம், வீடியோ, எல்லாம் எங்க சார்புல இலவசம்."

பெனிசிமானி அந்த அட்டையை வாங்கினான். இரண்டாகக் கிழித்தான். நான்காகக் கிழித்தான். அவன் இனிமேல் விட்டுவிடச் சொல்ல மாட்டான் என்பது அவன் கைகளைப் பார்த்தாலே தெரிந்தது.

"என் உடம்பு கனம்தான்" என்றாள் லெசியெலி. அவள் குரல் தாழ்ந்திருந்தது. அது கத்துவதைவிடப் பயங்கரமாக இருந்தது. "படம் தெளிவா வரலன்னு சொல்றீங்களே, அதை அன்னைக்கே என்கிட்ட ஏன் சொல்லல? தெரியலம்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் தவழ்ந்தாவது அந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேனே? தெரியாததைத் தெரியும்னு சொல்லி அனுப்பிட்டு, இப்ப என் கொழுப்பு மேல பழி போடுறீங்க. அவனைக் கூப்பிடுங்க."

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. செமிசி கதவைத் திறந்துகொண்டு வாசலில் நின்றிருந்தான். சில வாரங்களிலேயே இளைத்துப் போயிருந்தான்.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். என் பையனோட இதயத்தைப் பாத்தியா?"

"செமிசி, நீ எதுவும் பேச வேண்டாம்" என்றார் வாரன்.

செமிசி அவரைப் பார்க்கவில்லை.

"பாக்கலக்கா."

அவன் உள்ளே ஓரடி வைத்தான்.

"அவன் திரும்பவே இல்ல. வெளிய ஆளுங்க காத்திருந்தாங்க. திரும்ப வரச் சொன்னா இவர் திட்டுவார். எப்பவும் நல்லாத்தானே இருக்கு, இதுவும் நல்லாத்தான் இருக்கும்னு நினைச்சேன். நினைச்சதைப் பாத்த மாதிரி சொல்லிட்டேன்." அவன் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். "நான் வேலையை விட்டுடுறேன்க்கா. எங்கயாவது போயிடுறேன்."

"ஓடப் போறியா?" லெசியெலி அவன் முன்னால் குனிந்தாள். "என்னை மாதிரி எத்தனை பேரை நீ பாக்காமலே நல்லாருக்குன்னு சொல்லி அனுப்பியிருக்க? அதுல எத்தனை பேர் இன்னும் வயித்துல வெச்சிருக்காங்க? நீ ஓடிட்டா அவங்க கதி? ஞாயித்துக்கிழமை சபைக்கு வா. உன் போட்டோ மாட்டியிருக்குற சுவருக்குக் கீழ நின்னு இதைச் சொல்லு."

அவன் வரமாட்டான் என்றே பெனிசிமானி நினைத்தான். ஆனால் வந்தான்.

ஆராதனை முடிந்து எல்லோரும் கூடத்தில் தேநீருக்குக் கூடியிருந்தபோது செமிசி எழுந்து நின்று, நடந்ததை மறைக்காமல் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் அவன் தாய் விம்மினாள். மூப்பர் விலிசோனி விரைந்து போய் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "மகன் மனசு உடைஞ்சு ஒப்புக்கொண்டான், நாமெல்லாம் அவனை மன்னிச்சோம்" என்று உரக்கச் சொன்னார். "ஆமென்!" என்றார்கள் பலர். கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். யாரோ ஒரு பாட்டைக்கூடத் தொடங்கிவிட்டார்கள்.

"நிறுத்துங்க!" என்றாள் லெசியெலி.

பாட்டு தடுமாறி நின்றது.

"செத்தது என் குழந்தை. மன்னிக்க நீங்க யாரு? அவ்வளவு அவசரம் என்ன? அழுது பாடி முடிச்சிட்டா கை கழுவிடலாம்னா?" அவள் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். "இங்க மாசமா இருக்குறவங்க யாரு? அவன்கிட்ட ஸ்கேன் பண்ணவங்க எழுந்திருங்க. என்னைப் பாக்காதீங்க, அவனைப் பாருங்க. அவன்கிட்டயே கேளுங்க."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஃபுசி என்ற இளம்பெண், கணவன் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்ததையும் பொருட்படுத்தாமல், வயிற்றில் கையை வைத்தபடி எழுந்தாள்.

"செமிசி... என் குழந்தையோட இதயத்தைப் பாத்தியா?"

செமிசி நிமிர்ந்தான். "பாத்தேன். நாலு அறையும், ரெண்டு குழாயும் பாத்தேன். உங்களுக்கு நல்லாத் தெரிஞ்சது."

லூபே எழுந்தாள். அவளுக்கு இது முதல் குழந்தை. "என்னுதை?"

"இல்ல. அறைங்களைப் பாத்தேன். குழாய்ங்களைப் பாக்கல."

லூபேயின் மாமியார் "ஐயோ" என்று தலையில் கைவைத்தாள். அதற்குள் மெலெநைட்டே எழுந்திருந்தாள். அவளும் கனத்த உடம்புக்காரி. கேட்கும்போதே அவளுக்கு அழுகை வந்தது. "என்னுது?"

செமிசி அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பொய் சொல்ல எளிதான இடம் அது. சொன்னால் அவள் அழுகை நிற்கும்.

"ஞாபகம் இல்ல" என்றான். "பாத்தேனான்னு எனக்கே தெரியல. என்னை நம்பாதீங்க. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

லெசியெலி நாற்காலியில் உட்கார்ந்தாள். அவனிடமிருந்து அவள் கேட்க விரும்பியதும் இப்படி ஒரு பதிலைத்தான். அது காலம் கடந்து வந்திருந்தது.

செமிசி தன் தொழிலைக் கண்காணிக்கும் மருத்துவ வாரியத்திடம் தானே போய்ச் சொன்னான். அவன் வேலை செய்யத் தடை விதித்து விசாரணையைத் தொடங்கினார்கள். வாரன் வேறொருவனை வேலைக்கு வைத்துக்கொண்டார். கண்ணாடிக் கதவில், சிரிக்கும் குழந்தை முகத்தோடு புதிய விளம்பரமும் ஒட்டினார். லெசியெலியும் பெனிசிமானியும் அவர்மேல் கொடுத்த புகார் இன்னும் மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருக்கிறது. ஊரில் எல்லாப் பாவமும் தண்டனை பெறுவதில்லை.

லூபேயையும் மெலெநைட்டேயையும் லெசியெலியே மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் ரங்கி தன் பரிசோதனை அறையில் விளக்கை அணைத்துவிட்டு அவசரமில்லாமல் பார்த்தார். மெலெநைட்டேயின் குழந்தையும் முதலில் முதுகைத்தான் காட்டியது. அவளை நடக்க வைத்து, தண்ணீர் குடிக்க வைத்து, பிறகு மறுபடியும் பார்த்தார். திரையில் ரத்த ஓட்டம் சிவப்பும் நீலமுமாகப் பாய்ந்தது. ஒரு குழாய் இன்னொன்றைக் குறுக்கே தாண்டிப் போவதை மருத்துவர் விரலால் தொட்டுக் காட்டினார். லெசியெலி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு வெளியே வந்து, தாழ்வாரத்துச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள்.

இரண்டு குழந்தைகளுக்கும் ஒரு குறையும் இல்லை.

அடுத்த ஞாயிறு சபை வாசலில் மூப்பர் விலிசோனி அவளை வழிமறித்தார். முகத்தில் வெற்றிக்களை.

"பாத்தியாம்மா? ஒண்ணுமே இல்ல. எல்லாக் குழந்தையும் நல்லாத்தான் இருக்கு. வீணா அந்தப் பொண்ணுங்களைப் பயமுறுத்தி, ஒரு பையன் வாழ்க்கையையும் கெடுத்துட்டியே."

படிகளில் இறங்கிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். பெனிசிமானி மனைவியின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான். லூபேயும் மெலெநைட்டேயும் அவளுக்குப் பின்னால் வந்து நின்றார்கள்.

"மூப்பரே," என்றாள் லெசியெலி, எல்லோருக்கும் கேட்கும்படி. "நல்லா இருக்குன்னு இன்னைக்கு உங்களுக்குத் தெரியும். ஏன்னா ஒருத்தர் உக்காந்து பாத்தாங்க. போன மாசம் உங்களுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது, அந்தப் பொண்ணுங்களுக்கும் தெரியாது. ஆனா எல்லாரும் தெரிஞ்ச மாதிரி இருந்தீங்க. பாக்கலன்னா பாக்கலன்னு சொல்றது அவமானம் இல்ல. பாக்காமலே நல்லாருக்குன்னு சொல்றது கொலை. சொன்னவன் நம்ம ஆளுன்னு அதை மூடி மறைக்கிறீங்களே, அது ரெண்டாவது கொலை."

விலிசோனி வாயைத் திறந்தார். அவர் ஏதும் சொல்வதற்குள் மெலெநைட்டே தன் பெரிய வயிற்றோடு படியில் முன்னால் வந்தாள்.

"வழி விடுங்க மூப்பரே," என்றாள்.

அவர் விலகி நின்றார்.